14-ஆ, 15-ஆ, 18-ஆ? குழந்தைத் தொழில் பற்றிய சர்வதேச விதிகள் யாரைக் கட்டுப்படுத்தும்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிறுவனம் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்குச் சரக்கு தயாரித்துத் தருகிறது. ஆர்டரோடு வந்த நடத்தை விதித் தாளில், ஐ.எல்.ஓ. என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138, 182 உடன்படிக்கைகளுக்கு உட்பட்டு நடக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் 14 வயது என்கிறது, அவர்கள் 15 என்கிறார்கள், அதே தாளில் இன்னொரு இடத்தில் 18 என்று இருக்கிறது. இதில் எதைப் பிடித்துக்கொள்வது என்பது கேள்வி. கடைசியில், உலக நாடுகள் எல்லாம் கையெழுத்துப் போட்ட பிறகும் குழந்தைகள் வேலை செய்துகொண்டுதானே இருக்கிறார்கள், இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். முதல் கேள்விக்குத் திட்டவட்டமான பதில் உண்டு. இரண்டாவதற்குப் பாதிப் பதில்தான் உண்டு.

நான் தொழிலாளர் சட்டம் படித்தவன். பெரிய பிராண்டுகளுக்காக அவர்களுடைய சப்ளையர் தொழிற்சாலைகளைத் தணிக்கை செய்யும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன். நீதிமன்றத்தில் வாதாடியதில்லை. அதனால் உடன்படிக்கைகள் என்ன சொல்கின்றன, அவை தொழிற்சாலை வாசலுக்கு வரும்போது என்ன ஆகின்றன என்பதை நம்பிச் சொல்ல முடியும். உங்கள் நாட்டு விதியின் உட்பிரிவுகளுக்கு உள்ளூரில் ஒரு வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1973-இல் கொண்டுவந்த 138-ஆம் உடன்படிக்கை ஒரே ஒரு வயதைச் சொல்லவில்லை, ஒரு படிக்கட்டைச் சொல்கிறது. பொதுவான குறைந்தபட்ச வயது 15. அதுவும் கட்டாயப் பள்ளிக் கல்வி முடியும் வயதுக்குக் கீழே போகக்கூடாது. பள்ளிப் படிப்பு 16 வரை கட்டாயம் என்று ஒரு நாட்டில் சட்டம் இருந்தால், அங்கே 15 போதாது. பொருளாதாரமும் கல்வி வசதியும் போதுமான அளவு வளராத நாடு, முதலாளிகள் சங்கங்களையும் தொழிலாளர் சங்கங்களையும் கலந்து பேசிய பிறகு, ஆரம்பத்தில் 14 என்று அறிவித்துக்கொள்ளலாம். இந்த ‘ஆரம்பத்தில்’ என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 14 என்பது நிரந்தரச் சலுகை இல்லை. அந்தக் காரணம் இன்னும் நீடிக்கிறதா என்று அந்த நாடு ஐ.எல்.ஓ.வுக்கு அறிக்கை தந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தியா 2017-இல் இந்த உடன்படிக்கையை ஏற்றபோது 14 என்று அறிவித்தது. பங்களாதேஷ் 2022-இல் ஏற்றபோதும் 14 தான். சீனாவும் கென்யாவும் 16 என்று அறிவித்திருக்கின்றன. வருமானத்தில் எவ்வளவோ வித்தியாசப்படும் அந்த இரண்டு நாடுகளும் ஒரே வயதைத் தேர்ந்தெடுத்தன என்பதைக் கவனியுங்கள். பணக்கார நாடு என்றால் வயது கூடும், ஏழை நாடு என்றால் குறையும் என்று எளிதாகக் கணக்குப் போட முடியாது.

படிக்கட்டின் கீழ்ப் படி, இலேசான வேலை. 13 வயதிலிருந்து 15 வரை, 14-ஐத் தேர்ந்த நாடுகளில் 12-லிருந்து 14 வரை, உடல்நலத்துக்கும் வளர்ச்சிக்கும் கெடுதல் செய்யாத, பள்ளிக்குப் போவதைக் கெடுக்காத வேலையை நாட்டுச் சட்டம் அனுமதிக்கலாம். ஆனால் எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்பதை அரசு வரையறுத்திருக்க வேண்டும். அப்படி ஒரு பட்டியல் உங்கள் நாட்டில் இல்லையென்றால், ‘இலேசான வேலைதானே’ என்ற வாதம் உங்களுக்குக் கைகொடுக்காது. மேல் படி 18. உடல்நலம், பாதுகாப்பு, ஒழுக்கம் ஆகியவற்றுக்கு ஆபத்து விளைவிக்கும் வேலைக்கு அதுதான் வயது. முழுப் பாதுகாப்பும் அந்த வேலைக்கான தனிப் பயிற்சியும் இருந்தால் 16-லிருந்து அனுமதிக்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. அதற்கும் நாட்டுச் சட்டம் வழி விட்டிருக்க வேண்டும், நிறுவனம் தானாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆக உங்கள் தாளில் இருக்கும் மூன்று எண்களும் ஒன்றோடொன்று மோதவில்லை. 14 என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தின் தரை. 15 என்பது வாடிக்கையாளர் ஒப்பந்தத்தின் மூலம் உயர்த்தி வைத்த தரை. 18 என்பது ஆபத்தான வேலைக்கு மட்டும். சட்டத்தை மீறினால் அரசு தண்டிக்கும், ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டர் போகும். இரண்டில் எது கடுமையோ அதைப் பின்பற்றினால் இரண்டுமே நிறைவேறிவிடும். பெரும்பாலான நடத்தை விதிகளில் இதே பொருளில் ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். 14 வயது முடிந்த ஒருவரை நீங்கள் சேர்த்தால் சட்டப்படி தப்பில்லாமல் போகலாம், ஆனால் தணிக்கையில் அது பெரிய குறையாகத்தான் எழுதப்படும்.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்கிறேன். முறையாக நடக்கும் தொழிற்சாலைகளில் 14 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளையைக் கண்டுபிடிப்பது அரிது. சிக்கல் வருவது 16, 17 வயதில். அந்த வயதுப் பையனை வேலைக்கு வைப்பது சரிதான். எந்த வேலையில் வைத்திருக்கிறீர்கள் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். 1999-இல் வந்த 182-ஆம் உடன்படிக்கை குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களை நான்காகச் சொல்கிறது. அடிமைத்தனம், கடனுக்காகக் கொத்தடிமை, கட்டாய வேலை, போருக்குக் கட்டாயமாக ஆள் சேர்ப்பது எல்லாம் முதல் வகை. பாலியல் சுரண்டல் இரண்டாவது. போதைப்பொருள் கடத்தல் மாதிரியான குற்றங்களுக்குப் பயன்படுத்துவது மூன்றாவது. ஆபத்தான வேலை நான்காவது. முதல் மூன்றைப் படிக்கும்போது எந்த முதலாளியும் ‘நமக்கு இதில் சம்பந்தமில்லை’ என்றுதான் நினைப்பார். நான்காவதில்தான் மாட்டிக்கொள்வார். அதற்குத் துணையாக வந்த 190-ஆம் பரிந்துரை எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொல்கிறது: நிலத்துக்கு அடியிலும் தண்ணீருக்கு அடியிலும் வேலை, ஆபத்தான உயரம், குறுகலான இடம், ஆபத்தான இயந்திரங்கள், அதிக பாரம் தூக்குவது, ரசாயனம், கடும் வெப்பம், காதைப் பிளக்கும் சத்தம், நீண்ட நேரம், இரவு வேலை. இறுதிப் பட்டியலை ஒவ்வொரு நாடும் சங்கங்களைக் கலந்து தானே போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வப்போது திருத்தவும் வேண்டும். உங்கள் நாட்டின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தொழிற்சாலையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பசை கலக்கும் அறையில் கரைப்பான் வாசனைக்கு நடுவே 17 வயதுப் பெண் நிற்கிறாளா? நைட் ஷிஃப்டில் ஒரு 16 வயதுக்காரரின் பெயர் இருக்கிறதா? பேக்கிங் பகுதியில் சும்மா அட்டை மடிக்கத்தான் சேர்த்தோம் என்பார்கள். ஆள் குறைந்த அன்று அதே பையன் வெட்டும் இயந்திரத்துக்கு உதவிக்குப் போயிருப்பான், ஓவர்டைம் பதிவேட்டில் அது தெரியும்.

வயதை எப்படி உறுதிசெய்வது என்பது தனிக் கதை. காகிதம் சரியாக இருந்தால் வயதும் சரி என்று ஆகாது. ஆள் கோப்புகளைப் புரட்டும்போது, பிறந்த தேதி ஜனவரி 1 என்று வரிசையாக வந்தால் நான் நிறுத்திவிடுவேன். அது பொய் என்று அர்த்தமில்லை. பிறப்பைப் பதிவு செய்யாத இடங்களில் பின்னாளில் அடையாள அட்டை வாங்கும்போது வருடத்தை மட்டும் உத்தேசமாகச் சொல்லி, தேதியை எழுத்தர் போட்டுவிடுவார். ஆனால் அந்தச் சான்றிதழே வேலைக்குச் சேர்ந்த அதே மாதத்தில் வாங்கப்பட்டிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். அப்புறம் தளத்தைப் பார்க்க வேண்டும். தையல் இயந்திரத்தின் மிதிகட்டைக்கு மேலே ஒரு மரத்துண்டு ஆணியடித்து உயர்த்தப்பட்டிருந்தால், அந்த இருக்கையில் உட்கார்பவரின் கால் தரைக்கு எட்டவில்லை என்று பொருள். அன்றைக்கு அந்த இருக்கை காலியாகத்தான் இருக்கும், ‘லீவு’ என்பார்கள். எலும்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மணிக்கட்டு, பல் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் சொல்வது ஓர் உத்தேச வயதுதான், ஓரிரு வருடம் முன்பின் போகும். 14-க்கும் 16-க்கும் நடுவே சந்தேகம் இருக்கும் இடத்தில் அந்தப் பிழை எல்லையே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதனால் பள்ளிப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, அண்ணன் தம்பிகளின் வயது, எந்த வகுப்பில் எந்த வருடம் படித்தார் என்ற பேச்சு, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒரு முடிவுக்கு வருவோம்.

இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. பிரிட்டனில் 1802-இலேயே பஞ்சாலைகளில் வேலை செய்த ஆதரவற்ற சிறுவர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. மேற்பார்வைக்கு உள்ளூர்ப் பெரிய மனிதர்களை நம்பினார்கள், நடக்கவில்லை. 1833-இன் தொழிற்சாலைச் சட்டம் பெரும்பாலான நெசவாலைகளில் 9 வயதுக்குக் கீழே வேலை கூடாது என்றது. அதைவிட முக்கியமாக, அரசே சம்பளம் கொடுத்து இன்ஸ்பெக்டர்களை நியமித்தது. நாடு முழுவதற்கும் நான்கே நான்கு பேர். இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு 1837-இல்தான் தொடங்கியது. ஆகவே வயதுக்கு ஆதாரம் ஒரு மருத்துவர் ஆளைப் பார்த்துத் தரும் சான்றிதழ்தான். அதே 1837-இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், உயரத்தை வைத்துப் பார்ப்பதைவிடப் பற்களை வைத்து வயது சொல்வது நம்பகமானது என்று பார்லிமெண்டுக்கு எழுதினார். பல்லைப் பார்த்து வயது சொல்லும் அந்தப் பிரச்சினையை இன்னும் நாம் தாண்டவில்லை என்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. சட்டம் எழுதுவதைவிட, அதைப் போய்ப் பார்க்க ஆள் வைப்பதும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறப்புச் சான்றிதழ் இருக்கும்படி செய்வதும்தான் கடினமான வேலை.

சரி, இந்த உடன்படிக்கைகள் யாரைக் கட்டுப்படுத்தும்? நேரடியாக உங்களை இல்லை, உங்கள் அரசை. ஒரு நாடு உடன்படிக்கையை ஏற்றால், அதற்கு ஏற்றபடி சட்டம் இயற்றவும், நடைமுறைப்படுத்தவும், ஐ.எல்.ஓ.வுக்கு அறிக்கை தரவும் கடமைப்படுகிறது. சில நாடுகளில் ஏற்ற உடனே உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டத்தின் பகுதியாகிவிடும். மற்ற நாடுகளில் தனிச் சட்டம் வந்தால்தான் நீதிமன்றத்தில் செல்லும். 182-ஆம் உடன்படிக்கையை ஐ.எல்.ஓ.வின் 187 உறுப்பு நாடுகளும் ஏற்றுவிட்டன. கடைசியாக 2020 ஆகஸ்டில் டோங்கா ஏற்றது, ஐ.எல்.ஓ. வரலாற்றில் எந்த உடன்படிக்கைக்கும் அதற்கு முன் இது நடந்ததில்லை. 138-ஐ 170-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன, அமெரிக்கா ஏற்கவில்லை. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைச் சாசனத்தின் 32-ஆம் பிரிவும் பொருளாதாரச் சுரண்டலிலிருந்து குழந்தைகளைக் காக்கச் சொல்கிறது. 1989-இல் வந்த அந்தச் சாசனத்தையும் அமெரிக்கா மட்டும் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் 182-ஐ அதே 1999-லேயே ஏற்றுவிட்டது.

மீறினால் என்ன? ஐ.எல்.ஓ.வால் அபராதம் போட முடியாது, யாரையும் சிறையில் வைக்க முடியாது. நிபுணர் குழு ஒன்று அறிக்கைகளைப் படித்து, இங்கே இடிக்கிறது, அங்கே சட்டத்தில் ஓட்டை என்று வருடாவருடம் எழுதும். தொழிற்சங்கங்கள் முறையீடு செய்யலாம், பிற நாடுகள் புகார் கொடுக்கலாம், விசாரணை ஆணையம் அமைக்கலாம். அதற்கும் மசியாத நாட்டின் மீது மற்ற நாடுகளைத் தங்கள் உறவை மறுபரிசீலனை செய்யச் சொல்லும் அதிகாரம் அமைப்பின் விதியில் இருக்கிறது. அதை முதன்முதலாக எடுத்துப் பயன்படுத்தியது 2000-இல் மியான்மர் மீது, கட்டாய உழைப்புக்காக. ஐ.எல்.ஓ. பிறந்தது 1919-இல். கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் காகிதம் என்று முடித்துவிடலாமா? உஸ்பெகிஸ்தானைப் பார்த்தால் முடிக்கத் தோன்றாது. அங்கே பருத்தி பறிக்க அரசே பள்ளிகளை மூடிப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2008, 2009 வாக்கில் இரண்டு உடன்படிக்கைகளையும் ஏற்றது. ஏற்ற பிறகும் பிள்ளைகள் வயலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஏற்றுவிட்டதாலேயே நிபுணர் குழு வருடாவருடம் கேள்வி கேட்க முடிந்தது. அந்தக் கேள்விகளை வைத்துச் சங்கங்களும் உரிமை அமைப்புகளும் பிராண்டுகளை நெருக்கின, நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியை வாங்க மாட்டோம் என்றன. முதலில் சிறுவர்களை நிறுத்தினார்கள், அவர்களுக்குப் பதிலாக ஆசிரியர்களையும் செவிலியர்களையும் அனுப்பினார்கள். 2016-க்குப் பிறகு ஆட்சி மாறி, கொள்கையும் மாறியது. 2021 அறுவடையில் திட்டமிட்ட குழந்தை உழைப்பும் கட்டாய உழைப்பும் ஒழிந்துவிட்டன என்று ஐ.எல்.ஓ. அறிவித்தது, 2022 மார்ச்சில் புறக்கணிப்பும் விலக்கப்பட்டது. இதில் உடன்படிக்கைக்கு எவ்வளவு பங்கு, வியாபார நெருக்கடிக்கு எவ்வளவு, ஆட்சி மாற்றத்துக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. என் கணிப்பில் உடன்படிக்கை ஒரு பிடிமானம் கொடுத்தது, இழுத்தது மற்றவர்கள். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அங்கே பிள்ளைகளை அனுப்பியது அரசு. ஒரே ஒரு அரசு மனம் மாறினால் போதும் என்ற நிலை. லட்சக்கணக்கான குடும்பங்கள் தனித்தனியாக எடுக்கும் முடிவு என்றால் இப்படி வேகமாக நிற்காது.

வியாபார நெருக்கடி என்று சொன்னதால் உங்களுக்கு நேராகப் பொருந்தும் ஒன்று. இறக்குமதியைத் தடுக்கும் சட்டங்களைக் குழந்தைத் தொழில் சட்டம் என்று பலர் பேசுகிறார்கள். உண்மையில் அவற்றின் வலை குறுகியது. அமெரிக்காவின் 1930 சுங்கவரிச் சட்டத்தின் 307-ஆம் பிரிவு கட்டாய உழைப்பால் செய்த சரக்கைத்தான் தடுக்கிறது. கட்டாயப்படுத்தப்பட்ட, கொத்தடிமையான குழந்தைகள் அதில் அடக்கம். உள்நாட்டுத் தேவைக்குப் போதாத பொருளாக இருந்தால் விட்டுவிடலாம் என்ற பழைய ஓட்டையை 2016-இல் அடைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய கட்டாய உழைப்புத் தடை விதியும் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரும்போது அதே மாதிரிதான். 13 வயதுப் பையன் யாரும் கட்டாயப்படுத்தாமல் கூலிக்கு வேலை செய்தால் அந்த விதியில் சரக்கு நிற்காமல் போகலாம். ஆனால் பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களின் தவறுகளுக்கும் கவனம் செலுத்த வேண்டும் என்ற ஐரோப்பியக் கடமைச் சட்டம் 2024-இல் தனியாக வந்தது. அதன் காலக்கெடுவைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்றாலும், உங்கள் வாடிக்கையாளர் அந்தத் தாளை அனுப்பியதற்குப் பின்னால் இது மாதிரிச் சட்டங்களின் பயம் இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, பலன் உண்டா என்பது. ஐ.எல்.ஓ. கணக்கில் 2000-இல் உலகில் 24.6 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். யுனிசெஃபோடு சேர்ந்து 2025-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2024-இல் 13.8 கோடி. அதில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலையில். நடுவே 2016-இல் 15.2 கோடியாக இருந்தது 2020-இல் 16 கோடியாக ஏறியதும் உண்டு. 2025-க்குள் எல்லா வடிவத்திலும் ஒழிப்போம் என்று நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் எழுதி வைத்தது நிறைவேறவில்லை. இந்த எண்களை எச்சரிக்கையோடு பாருங்கள். இவை வீடு வீடாகக் கேட்ட ஆய்வுகளிலிருந்து வரும் மதிப்பீடுகள். 5 முதல் 11 வயதுக் குழந்தை வாரத்துக்கு ஒரு மணி நேரம் பொருளாதார வேலை செய்தாலே கணக்கில் சேர்ந்துவிடும், 12 முதல் 14 வரை என்றால் 14 மணி நேரம். மறுபக்கம், பூட்டிய வீட்டுக்குள் கொத்தடிமையாக இருக்கும் பிள்ளையும் பாலியல் சுரண்டலில் சிக்கிய பிள்ளையும் இந்த ஆய்வுகளில் சரியாக அகப்படுவதே இல்லை. போக்கு இறங்குமுகம் என்பதை நம்பலாம். சட்டத்தால்தான் இறங்கியது என்பதற்கு இந்த எண்கள் சாட்சி சொல்லாது.

ஏன் என்றால், 2024 கணக்கில் 61 சதவீதம் பேர் விவசாயத்தில். 2020 கணக்கின்படி 72 சதவீதம் பேர் சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே வேலை செய்கிறார்கள். சட்டம் பாய்வதற்கு ஒரு வாசல் வேண்டும், பதிவேடு வேண்டும், முதலாளி என்று ஒருவர் வேண்டும். குடும்ப வயலில் இவை மூன்றும் இல்லை. சட்டங்களை எழுதியவர்களுக்கும் இது தெரியும், அதனால் அந்த இடத்தைத் தெரிந்தேதான் விட்டு வைத்தார்கள். 138-ஆம் உடன்படிக்கை வளரும் நாடுகளுக்குக் குறைந்தபட்சம் சுரங்கம், உற்பத்தி, கட்டுமானம், போக்குவரத்து, வணிகத் தோட்டங்கள் போன்ற துறைகளில் கட்டாயம் என்கிறது. உள்ளூர்த் தேவைக்கு விளைவித்து, வழக்கமாகக் கூலியாள் வைக்காத குடும்பப் பண்ணைகளுக்கு விலக்குத் தர அனுமதிக்கிறது. இந்தியாவின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-இல் வந்த திருத்தம் 14 வயதுக்குக் கீழே எல்லா வேலைக்கும் தடை போட்டுவிட்டு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம், ஆபத்தான தொழிலாக இருக்கக் கூடாது என்று விலக்குத் தருகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பெற்றோர் சம்மதித்தால் 12 வயதுப் பிள்ளை பள்ளி நேரத்துக்கு வெளியே அடுத்தவர் பண்ணையில் கூலிக்குப் போகலாம். மற்றத் துறைகளில் ஆபத்தான வேலைக்கு 18 என்று வைத்தவர்கள், பண்ணையில் 16 என்று வைத்திருக்கிறார்கள். இதைக் கடுமையாக்கத் தயாரித்த வரைவை 2012-இல் எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஏழை நாடுகளின் ஓட்டை என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தடைச் சட்டம் மட்டும் போட்டால் குழந்தை உழைப்பு குறையுமா என்பது பொருளாதார ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயாத சண்டை. இந்தியாவின் 1986 குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தை ஆராய்ந்த பரத்வாஜ், லக்டாவாலா, லீ ஆகிய மூவர், தடைக்குப் பிறகு குழந்தைகளின் கூலி குறைந்தது, அந்த இழப்பை ஈடுகட்ட ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகளை இன்னும் அதிகமாக வேலைக்கு அனுப்பின என்ற முடிவுக்கு வந்தார்கள். மறுபுறம் வியட்நாமில் 1990-களில் அரிசி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி விலை ஏறியபோது, குடும்ப வருமானம் கூடிய இடங்களில் பிள்ளைகள் வேலைக்குப் போவது குறைந்தது என்று எட்மண்ட்ஸ், பாவ்க்னிக் இருவரும் காட்டினார்கள். இதை வைத்துச் சட்டமே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளி இலவசமாக, நடந்து போகும் தூரத்தில், ஆசிரியரோடு இருக்கும் இடத்தில் சட்டம் வேலை செய்வதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பள்ளி இல்லாத இடத்தில் அதே சட்டம் பிள்ளையை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குத் தள்ளுவதையும் பார்த்திருக்கிறேன். 182-ஆம் உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு தண்டனையைச் சொல்லும் அதே மூச்சில், மீட்ட பிள்ளைக்கு இலவச அடிப்படைக் கல்வியும் மறுவாழ்வும் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இதற்கு பங்களாதேஷ் ஆடைத் தொழிலைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 1992-இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தைகள் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆனாலும் பயத்திலேயே அங்குள்ள ஆலைகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒரே மூச்சில் வெளியே அனுப்பின. அவர்களில் பலர் கல் உடைப்பது, தெருவில் விற்பது, இன்னும் மோசமான வேலைகள் என்று போனதை யுனிசெஃப் பதிவு செய்தது. 1995-இல் ஆலை உரிமையாளர் சங்கமும் ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃபும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. பள்ளியில் இடம் தயாராகும் வரை இருக்கும் பிள்ளையைத் துரத்தக் கூடாது, புதிதாகச் சேர்க்கக் கூடாது, படிக்கப் போகும் பிள்ளைக்கு மாத உதவித்தொகை தர வேண்டும் என்று.

உங்கள் தளத்தில் நாளைக்கே ஒரு 13 வயதுப் பிள்ளை அகப்பட்டால் செய்ய வேண்டியதும் இதே வரிசைதான். வேலையை அந்த நிமிடமே நிறுத்துங்கள். கையில் கொஞ்சம் பணம் கொடுத்துப் பின்வாசல் வழியே மட்டும் அனுப்பிவிடாதீர்கள். உங்கள் நாட்டில் அரசிடம் தெரிவிப்பது கட்டாயமா என்று பார்த்து, கட்டாயமென்றால் தெரிவியுங்கள். உரிய கூலி பாக்கியைக் கொடுங்கள். வீட்டில் போய்ப் பேசி, வேலை செய்யும் வயதுள்ள ஒருவர் அந்தக் குடும்பத்தில் இருந்தால் அந்த இடத்தை அவருக்குக் கொடுங்கள். பள்ளியில் சேர்த்து, வேலைக்கான வயது வரும் வரை உதவித்தொகை கொடுக்க ஒப்புக்கொள்ளுங்கள். செலவு உங்கள் தலையில் விழும். வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொன்னால் பங்கு போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், ஆர்டரை வெட்டிவிட்டு ஓடுபவர்களும் இருக்கிறார்கள்.

அதனால்தான் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளில் இரண்டு இடத்தைப் படிக்கச் சொல்கிறேன். ஒன்று, குழந்தை அகப்பட்டால் என்ன நடைமுறை என்ற பகுதி. உடனடியாக ஆர்டர் ரத்து என்று மட்டும் இருந்தால், திருத்திக்கொள்ள அவகாசமும் மறுவாழ்வுச் செலவில் அவர்களுடைய பங்கும் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. இரண்டாவது, துணை ஒப்பந்தம் பற்றிய பகுதி. உங்கள் வாசலுக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பொத்தான் தைக்கவும் நூல் வெட்டவும் நீங்கள் ஜாப் ஒர்க் கொடுத்த வீடுகளில் யார் உட்கார்ந்து செய்கிறார்கள் என்பதற்கும் பெரும்பாலான தாள்களில் நீங்கள்தான் பொறுப்பு. அந்த வீடுகளின் முகவரிப் பட்டியல் இன்று உங்கள் காண்ட்ராக்டரிடம் மட்டும் இருந்தால், கையெழுத்துக்கு முன் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.